பேராதனை: மலைமேல் ஒரு பல்கலைக்கழகம், பக்கத்தில் நம்ம சனம்

ராயகிரிக்காரனுக்கு மலை ஒன்றும் அதிசயமில்லை. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அதுவும் கூடவே வரும். ஆனால் எங்கள் வீட்டில் ஆச்சி ‘மலை’ என்று பெருமூச்சு விட்டால் அது இந்த மலை இல்லை. கண்டி மலை. எங்கள் சின்னத் தாத்தா ஒருவர் கண்டிக்குப் போனவர். சில வருஷம் கடிதம் வந்ததாம், பிறகு நின்றுபோனதாம். நம் வட்டாரத்தில் இப்படி ஒரு கதை இல்லாத தெரு குறைவு.

இந்த மலருக்கு, மலை நகரத்தில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்த்து வந்ததை எழுதுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். கொடைக்கானலைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அங்கே 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் கல்லூரிச் சகோதரிகள் சிலர் அங்கே மேற்படிப்பு படித்தும் இருக்கிறார்கள். அதை அவர்கள் எழுதட்டும். நான் எழுதப்போவது கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி. பயணக் கட்டுரை எனக்கு வராது. வரலாறு படித்தவன் புத்தி எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் ‘இது யார் நிலம், யார் கட்டினது, யார் மண் சுமந்தது’ என்றுதான் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போவதே சுகம். 1867இல் கண்டி வரை போட்ட பாதை அது. கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி ஏறும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பேராதனைச் சந்தி தாண்டியதும் பல்கலைக்கழக வளாகத்துக்கென்றே ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு, சரசவி உயன என்று பெயர். இறங்கினால் மழை பெய்து ஓய்ந்த வாசனை. ஹந்தானை மலைச்சரிவு ஒரு பக்கம், மகாவலி கங்கை ஒரு பக்கம், நடுவில் சுமார் 700 ஹெக்டேர் பரப்பில் வளாகம். 1990க்குப் பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டிப் பொட்டலில் இருக்கிறது. அந்த வெயிலைப் பார்த்த கண்ணுக்குப் பேராதனையின் பச்சை கொஞ்சம் பொறாமையைக் கிளப்பத்தான் செய்யும்.

கட்டடங்கள் கண்டி அரசர் காலத்துப் பாணியில் இருக்கின்றன. சரிந்த ஓட்டுக்கூரை, செதுக்கிய தூண்கள், படிக்கட்டு அடியில் அரைவட்டச் சந்திரவட்டக் கல். வெள்ளைக்காரன் காலத்தில் திட்டம் போட்டும் வெள்ளைக்காரக் கட்டடமாகத் தெரியாமல் கட்டியிருக்கிறார்கள். வளாகத்தின் அமைப்பை வகுத்தவர்கள் பாட்ரிக் அபர்குரோம்பி, கிளிஃபோர்ட் ஹாலிடே என்ற ஆங்கிலேய நகரமைப்பு வல்லுநர்கள். கட்டடங்களை உருவாக்கிய தலைமைக் கட்டடக்கலைஞர் ஷர்லி டி அல்விஸ். அவர் பெயரால் செனட் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. அந்தக் குளத்தைப் பற்றிப் பின்னால் சொல்லவேண்டி வரும்.

இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முதலில் அமைப்பு கட்டிப் போராடியவர்களில் முதன்மையானவர் பொன்னம்பலம் அருணாசலம். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தொடங்கியது. அதன் பலனாக 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்தார்கள். ஆனால் பட்டம் லண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டம்தான். சொந்தப் பல்கலைக்கழகம் வர இன்னும் 21 வருஷம் ஆயிற்று. காரணம், எங்கே கட்டுவது என்ற சண்டை. கொழும்பிலேயே இருக்கட்டும் என்று ஒரு கட்சி. நகரத்துச் சந்தடி இல்லாமல், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் மாதிரி மாணவரும் ஆசிரியரும் அங்கேயே தங்கிப் படிக்கிற இடமாகக் கண்டிப் பக்கம் கட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. பத்திரிகையிலும் சட்டசபையிலும் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. உயன்வத்தை என்றார்கள், தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள். கடைசியில் 1938இல், அப்போது விவசாய அமைச்சராக இருந்த டி.எஸ். சேனநாயக்கா காட்டிய புதிய பேராதனைத் தோட்டம் என்ற எஸ்டேட் நிலம் முடிவாயிற்று.

எஸ்டேட் நிலம் என்ற சொல்லில்தான் என் மனசு நின்றுவிட்டது.

அருணாசலத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பல்கலைக்கழகம் கேட்ட அதே மனிதர் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றைப் பெரி சுந்தரம் அவர்களோடு சேர்ந்து தொடங்கினார். எதற்காக? தோட்டத்தில் வேலைக்கு வராதவனை, வேலையை விட்டுப் போனவனை ஜெயிலில் போடலாம் என்று அன்றைக்குச் சட்டம் இருந்தது. அதை ஒழிக்கத்தான். அதோடு ‘துண்டு’ முறை என்று ஒன்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவன் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் அனுப்புகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. ஆளைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் ஏற்பாடு, வேறென்ன? துண்டு முறையைத் தடை செய்த சட்டம் வந்தது 1921இல். பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததும் அதே 1921. அருணாசலம் 1924 ஜனவரியில், கோயில் தரிசனத்துக்காக நம் மதுரைக்கு வந்திருந்த இடத்தில் காலமானார். பேராதனையில் அவர் பெயரில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. தம்பியைப் போலவே பேர் பெற்ற அண்ணன் இராமநாதன் பெயரிலும் ஒன்று. அருணாசலம் விடுதியில் தங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் துண்டுக் கதை தெரியும் என்று யோசித்தேன். நமக்கே தெரியாதே.

நம் பக்கத்துச் சனம் போன பாதையையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, படகில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்புக்குப் போனவர்களும் உண்டு. நம் திருநெல்வேலிச் சீமை ஆட்களுக்கு அதுதான் கிட்டத்துப் பாதை. தொற்றுநோய் பார்த்து அனுப்பத் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. பிறகு மண்டபம் முகாம் வந்தது. 1901 வாக்கில் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் குத்திய ஒரு தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிட்டால், டிக்கெட் எடுக்காமல் நேரே தோட்டத்துக்குப் போய்ச் சேரலாம். செலவு? அது கணக்கில் ஏறும், அவன் கடனாக. 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அது ஓடியது. காப்பியை 1869க்குப் பிறகு இலைநோய் அழித்தது, அதன் இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குச் சீசன் நேரத்தில் மட்டும் ஆள் போதும்; கொழுந்துக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும். அதனால் போனவர்கள் குடும்பத்தோடு லயத்திலேயே தங்கிப்போனார்கள். 1946 குடிமதிப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் 7 லட்சத்துக்கும் மேல்.

மீண்டும் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். 1941இல் ஐவர் ஜென்னிங்ஸ் என்ற சட்ட அறிஞர் கொழும்புக் கல்லூரிக்கு முதல்வராக வந்தார். 1942 ஜூலையில் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது, அவரே முதல் துணைவேந்தர். யுத்தக் காலம். கட்டடம் எழும்பாமல் கிடந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் 1944 முதல் கூடாரம் அடித்திருந்தது. யுத்தம் முடிந்து வேலை நடந்து, 1952 அக்டோபரில்தான் பல்கலைக்கழகம் மலையேறியது. 1954 ஏப்ரலில் எலிசபெத் ராணி வந்திருந்தபோது அவர் கணவர் எடின்பரோ கோமகன் முறைப்படி திறந்து வைத்தார். ஏற்கனவே ஒன்றரை வருஷமாக நடந்துகொண்டிருக்கிற பல்கலைக்கழகத்தைத் திறக்கச் சொன்னதை அவர் அந்த மேடையிலேயே வேடிக்கை பண்ணினார் என்பார்கள்.

இந்த 1952ஐ நண்பர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1947 தேர்தலில் தோட்டப் பகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் பிடித்தது. சுதந்திரம் வந்ததும் 1948இல் குடியுரிமைச் சட்டம். அந்த அளவுகோலில் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் ஒரே வீச்சில் எந்த நாட்டுக்கும் இல்லாதவர் ஆனார்கள். ஓட்டும் போயிற்று. 1952 மே மாதத் தேர்தலில் மலையகத்தில் லட்சக்கணக்கானவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஏப்ரல் கடைசியில் கொழும்பில் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். அக்டோபரில் அதே மலையில், நாட்டிலேயே பெரிய கல்விக்கூடம் திறந்தது. புதிய பேராதனைத் தோட்டத்தைத் தேர்ந்த சேனநாயக்காதான் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்த பிரதமர். துணைவேந்தர் ஜென்னிங்ஸ்தான் சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு விஷயத்தில் ஆலோசகர். சிறுபான்மையோருக்கு எதிராகச் சட்டம் இயற்றக்கூடாது என்று அந்த அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. அதைக் காட்டிக் கோடாக்கன் பிள்ளை என்பவர் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1953இல் வழக்குத் தோற்றது. ஜென்னிங்ஸைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேராதனையைக் கல் கல்லாகக் கட்டிய மனிதர். ஆனால் காகிதத்தில் எழுதிய பாதுகாப்பு லயத்துக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

இதே காலத்தில் அந்த வளாகத்துக்குள் தமிழ் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. முதல் தமிழ்ப் பேராசிரியர் விபுலாநந்த அடிகள். அதற்கு முன்பே 1930களின் தொடக்கத்தில் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். யாழ் நூல் அரங்கேறிய 1947இலேயே மறைந்துவிட்டார். மலை வளாகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவருக்குப் பின் க. கணபதிப்பிள்ளை. லண்டனில் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதியவர். வி. செல்வநாயகம் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ எழுதினார், 1951இல் வெளிவந்தது. நம்மில் தமிழ் இலக்கியம் படித்தவர்கள் பரீட்சைக்கு முந்தின இரவில் புரட்டிய புத்தகம்! கைலாசபதி, சிவத்தம்பி இருவரும் பேராதனை மாணவர்கள். பிறகு இங்கிலாந்தில் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். சங்க இலக்கியத்தைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்க்கலாம் என்று கைலாசபதி காட்டியது எங்கள் தலைமுறைக்குப் புது வெளிச்சம். தனிநாயக அடிகளும் 1952 முதல் 1961 வரை அங்கே கல்வித் துறையில் இருந்தார். அவர் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியது எங்கே தெரியுமா? நம் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது!

நாடகத்தையும் சொல்லாமல் விட மனசில்லை. வளாகத்தில் மலைச்சரிவையே படிக்கட்டாக்கி ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. சிங்களப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1961இல் ‘சிங்கபாகு’ நாடகத்தை அங்கே அரங்கேற்றினார். அவர் எடுத்துக்கொண்ட ‘நாடகம்’ என்ற பழைய சிங்கள ஆட்ட மரபு, தமிழ்க் கூத்திலிருந்து கத்தோலிக்கக் கடற்கரை ஊர்கள் வழியாகப் போனது. அதைப் பார்த்து, மூலம் நம்மிடம் இருக்கிறதே என்று தமிழ்த் துறையின் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர், இராவணேசன் எல்லாம் 1960களில் மாணவர்கள் ஆடியவை. ஒரே மலைச்சரிவில் இரண்டு மொழியும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்ட காலம் அது. கொஞ்ச காலம்தான்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்ததுதான். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. தமிழ்ப் பிள்ளை அதிக மார்க் வாங்கினால்தான் இடம். 1983 மே மாதம் பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வெளியேறினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கறுப்பு ஜூலை. தமிழருக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1989இல் ஜே.வி.பி. கலவரக் காலத்தில், வெட்டிய தலைகளை அந்த அல்விஸ் குளத்தைச் சுற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். நான் பார்த்தபோது குளக்கரையில் ஜோடி ஜோடியாக மாணவர்கள் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அது நல்லதுதான். ஆனாலும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

சரி, லயத்துப் பிள்ளைகள்? 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது, மழலை முதல் பல்கலைக்கழகம் வரை. நாம் இங்கே பெருமையாகப் பேசுகிற திட்டங்களுக்கெல்லாம் முந்தியது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரே அறை, ஒரே வாத்தியார். பல இடங்களில் காலையில் கணக்குப் பார்ப்பவரே மத்தியானம் பாடம் நடத்துவார். அந்தப் பள்ளிகளை அரசாங்கம் முழுமையாக எடுத்துக்கொண்டது 1970களின் பிற்பகுதியில்தான். பிறகு பல்கலைக்கழக வாசல் வரை வர ஒரு தலைமுறையாவது வேண்டாமா? அதற்குள் 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்துவிட்டார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஆட்களைக் கேட்கவில்லை. வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கூடை சுமந்தார்கள். அங்கேயே இருந்துவிட்ட கடைசி ஆள்வரை குடியுரிமை கிடைக்க 2003ஆம் வருஷச் சட்டம் வர வேண்டியிருந்தது.

ஹந்தானை மலையில் 1925இல் கட்டிய ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையை இப்போது தேயிலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அங்கே போகும் வழியில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். வேட்டிக் கட்டும் பேச்சும் நம்ம ஊர் ஆள் மாதிரியே இருந்தது.

“ஐயாவுக்கு எந்த ஊரு?” என்றார்.

“சங்கரன்கோவில் பக்கம், ராயகிரி.”

“எங்க பாட்டனும் திருநவேலின்னுதான் சொல்லுவாங்க. ஊர்ப் பேரு தெரியாதுங்க. கேட்டு வச்சுக்கிற வயசுல கேக்கல.”

அவர் பேத்தி பேராதனையில் படிக்கிறாளாம். விஞ்ஞானம். பேராதனையிலேயே மலையகத்திலிருந்து வந்து படித்து, அங்கேயே பேராசிரியர் ஆனவர்களும் உண்டு என்று அவர்தான் எனக்குச் சொன்னார். “இவ மாசம் ஒருக்கா லயத்துக்கு வருவா. வந்தா மழை ஒழுகுற எடத்துல சட்டி வைக்கிறது இவ வேலை” என்று சிரித்தார்.

வளாகத்துக்குள் சைவ மாணவர்கள் கட்டிய குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. பெயரைப் பாருங்கள், எவ்வளவு பொருத்தம்! பௌத்த விகாரை, தேவாலயம், பள்ளிவாசல் எல்லாமும் வளாகத்திலேயே உண்டு. பேராதனைத் தமிழ்ச் சங்கம் ‘இளங்கதிர்’ என்று ஓர் ஆண்டு மலர் நடத்தியது. கைலாசபதி காலத்து இளைஞர்கள் எழுதிப் பழகிய ஏடு அது. நம் மலரைப் போலத்தான்: வாழ்த்துரை, அறிக்கை, விளம்பரம், நடுநடுவே நல்ல கட்டுரை. பழைய இதழ்கள் பல ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலகத்தில் படிக்கக் கிடைக்கின்றன. தமிழ், வரலாறு படிக்கும் இன்றைய மாணவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அதற்கு ஒதுக்க வேண்டும்.

2023இல், சனம் மலையகம் போய் 200 வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய வழியிலேயே பல நாள் நடந்தார்கள். அவர்களிடம் அங்கிருந்து தேடக்கூடிய காகிதம் கொஞ்சம் இருக்கிறது. மறுபாதி நம்ம ஊரில், பரணில், டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. கண்டியிலிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டு, தோட்டத்துப் பெயர் எழுதிய போட்டோ, தகர வில்லை, எதுவானாலும் சரி. சிவகிரி, வாசுதேவநல்லூர், ராயகிரி, சங்கரன்கோவில் பக்கத்து நண்பர்கள் வீட்டில் பார்த்தால் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அசலைக் கொடுக்க வேண்டாம், ஒரு நகல் போதும். பின்பக்கத்தில் யார் போனது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று பெரியவர்களைக் கேட்டுப் பென்சிலில் எழுதுங்கள். நம் வரலாற்றுத் துறையில் இதற்கென்று ஓர் அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லி, சங்கத்தின் சார்பில் கேட்டிருக்கிறேன். முதல் நகலாக எங்கள் ஆச்சி வைத்திருந்த இரண்டு கடிதங்களை வரும் கூட்டத்தன்று கொண்டுவருகிறேன்.